பயம் வராத பேய்க்கதை

மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை வகுப்பில் படித்த மாணவர்களிடம் கருத்துக் கேட்டால், எந்த நாட்டிலும் இரண்டு முறைப்பாடுகள் வந்துவிடும்: கதை நகரவே மாட்டேன் என்கிறது, பயமும் வரவில்லை. இரண்டும் நியாயமானவைதான். வடதுருவத்துக்குப் புறப்பட்ட வால்டன் தன் சகோதரிக்கு எழுதும் நான்கு கடிதங்களைத் தாண்டினால்தான் உயிருள்ள ஓர் உருவத்தைப் படைத்த விக்டர் தன் கதையைத் தொடங்குகிறான். சினிமாவில் பார்த்த இடியும் மின்னலும் உயிர்கொடுக்கும் கட்டத்தில் கிடையாது. மழை சன்னலில் தட்டுகிறது, மெழுகுதிரி அணையப்போகிறது, மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது. படைத்தவன் எழுந்து ஓடிவிடுகிறான். இங்கே பயப்படாத மாணவரை மந்தமான வாசகர் என்று தள்ளிவிடுகிறோம். உண்மையில் அவர் விக்டரைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறார். நாவலில் அந்த உருவத்தோடு முதலில் கனிவாகப் பேசுபவர் கண்பார்வையற்ற ஒரு முதியவர். பார்வையுள்ளவர்கள் அடித்து விரட்டுகிறார்கள். எனவே 'பயம் வரவில்லை' என்ற பதிலிலிருந்தே பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

இலங்கையின் மன்னாரில் இந்த நாவலைப் படிப்பிப்பதற்கு முதலில் எழும் ஆட்சேபம், நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது. அரிப்புக் கடற்கரையில் இடிந்து கிடக்கும் ஆளுநர் நோர்த்தின் மாளிகையைக் காட்டி, கோதிக் கதைக்கு வேண்டிய பாழ்மனை நம்மிடமும் உண்டு எனலாம். அது மேலோட்டமான பதில். விக்டர் பிணக்கிடங்குகளில் எலும்பு பொறுக்குகிறான், அவை யாருடையவை என்று ஒருமுறையும் யோசிப்பதில்லை. மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்கு நிலம் தோண்டியபோது 2018இல் வெளிப்பட்ட புதைகுழியில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அமெரிக்க ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய மாதிரிகள் 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையானவை என்று 2019இல் அறிக்கை வந்தது. போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் பலரால் அதை ஏற்க முடியவில்லை. விக்டர் கேட்காமல் விட்ட கேள்வியை ஊரே கேட்டுக்கொண்டிருக்கும் இடம் இது. அப்படியானால் பிள்ளைகளிடம் ஏன் மறுபடியும் பிணக்குழியைக் கொண்டுபோக வேண்டும்? இது கனமான ஆட்சேபம். ஆசிரியர் நாவலையும் புதைகுழியையும் முடிச்சுப் போடக்கூடாது, வீட்டுக் கதையைச் சொல்லும்படி யாரையும் கேட்கவும் கூடாது. ஜெனீவாவில் நடக்கும் கதை தூரத்தில் இருப்பதே வசதி. விரும்பும் பிள்ளை தானாகக் கிட்ட வரும், விரும்பாத பிள்ளை கதையோடு நின்றுகொள்ளலாம்.

மிச்சமிருப்பது மொழிச் சிக்கல். தமிழ் மொழிமூலம் படிக்கும் மாணவருக்கு 1818இல் வெளிவந்த நாவலின் ஆங்கிலம் கல்லும் முள்ளும்தான். முழுநாவலையும் வரிவரியாக இழுக்கத் தேவையில்லை. 11 முதல் 16 வரையான அத்தியாயங்களை, அதாவது அந்த உருவமே தன் கதையைச் சொல்லும் பகுதியை, ஆங்கிலத்தில் படித்து மற்றதைத் தமிழில் கதையாகச் சொல்லலாம். குடிசைச் சுவரின் வெடிப்பு வழியே அடுத்த வீட்டுப் பேச்சைக் கேட்டு அது மொழி பழகுகிறது. முதலில் பிடிபடும் சொற்கள் நெருப்பு, பால், பாண், விறகு. இரண்டாம் மொழியோடு மல்லுக்கட்டும் மாணவருக்கு இந்த இடத்தில் விளக்கவுரை தேவைப்படாது. கெடுப்பது பரீட்சைக் கேள்விதான். கோதிக் நாவலின் இயல்புகளைத் தருக என்றால் ரியூசன் நோட்ஸே போதும், புத்தகம் வேண்டாம். துணை கேட்டு மன்றாடிய உருவத்துக்காகச் செய்யத் தொடங்கிய பெண்ணை விக்டர் பாதியில் கிழித்தெறிந்தது சரியா என்று கேட்டால், இரண்டு பக்கமும் வாதாட ஆள் வரும். வாதாட வேண்டுமானால் படித்திருக்க வேண்டும்.