உப்புத்தாள் தேய்த்தால் ஒளிரும் வாள்

‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் ஒளிவாளைப் போன்ற மாதிரி வாள்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கைப்பிடிக்குள் ஓர் எல்இடி விளக்கு, அதன்மேல் ஒளி ஊடுருவும் நீண்ட பிளாஸ்டிக் குழாய். எளிய வகை வாள்களின் அமைப்பு அவ்வளவுதான்.

ஆனால், பளபளப்பான புதுக் குழாயை அப்படியே மாட்டி விளக்கைப் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். அடிப்பகுதி பளிச்சென்று இருக்கும், நுனியில் வெளிச்சம் தெரியும், நடுப்பகுதியோ மங்கிக் கிடக்கும். அதே குழாயை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினால் வாள் முழுவதும் ஒளிரும். விளக்கும் மாறவில்லை, மின்கலமும் மாறவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது அந்த வெளிச்சம்?

உள்ளேயே ஓடும் ஒளி

வெளிச்சம் முதலிலிருந்தே குழாயில்தான் இருந்தது. நம் கண்ணுக்கு வரவில்லை, அவ்வளவே. விளக்கிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் கதிர்கள் குழாயின் சுவரை மிகச் சாய்வாகத்தான் தொடுகின்றன. ஏரி நீரைத் தாழ்வான கோணத்தில் பார்த்தால் அது கண்ணாடிபோல் மின்னும் அல்லவா? அதேபோல் இந்தக் கதிர்களில் பெரும்பகுதி சுவரில் பட்டு எதிரொளித்து முன்னே ஓடும். சுவரைக் கடந்து வெளியேறும் கதிர்களும் நுனியின் திசையில் சாய்ந்தபடியே போய்விடும்.

குழாய்ச் சுவரின் அடி விளிம்பு வழியாகப் பிளாஸ்டிக்குக்குள் நுழையும் ஒளிக்கு வேறு விதி. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.58. அதிலிருந்து காற்றுக்குள் செல்ல முயலும் ஒளிக்கு மாறுநிலைக் கோணம் சுமார் 39 பாகை. அதைவிடப் பெரிய கோணத்தில் பரப்பைத் தொடும் கதிர் வெளியே வராது, முழு அக எதிரொளிப்பு அடைந்து உள்ளேயே திரும்பும். நம் வீடுகளுக்கு இணையத்தைக் கொண்டுவரும் கண்ணாடி இழைகளும் இந்த விதியால்தான் ஒளியைச் சிந்தாமல் சுமக்கின்றன. ஆக, பக்கவாட்டில் நின்று பார்ப்பவரை நோக்கி எந்தக் கதிரும் அதிகம் திரும்புவதில்லை.

கீறல் செய்யும் வேலை

உப்புத்தாள் அந்த வழவழப்பான பரப்பை எண்ணற்ற சிறு மேடு பள்ளங்களாக மாற்றுகிறது. ஒவ்வொரு பள்ளத்தின் சரிவும் ஒவ்வொரு கோணத்தில் இருக்கும். அங்கே படும் கதிர்கள் பல திசைகளில் விலகும், எதிரொளிக்கும். இதுவே ஒளிச் சிதறல். சிதறிய ஒளியில் ஒரு பங்கு நம் கண்ணுக்கும் வருகிறது.

220 எண் உப்புத்தாளின் துகள் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் இருக்கும். அது போடும் கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. அதனால் எல்லா நிறங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறுகின்றன. நீல வாள் நீலமாகவும் சிவப்பு வாள் சிவப்பாகவும் தெரியும்.

சிதறலுக்கும் ஒரு விலை உண்டு. அடிப்பகுதியிலேயே பெருமளவு ஒளி வெளியேறிவிட்டால் நுனிக்குப் போதிய ஒளி போய்ச் சேராது. ஆகவே அடியில் நைசான உப்புத்தாளால் லேசாகவும், நுனியை நெருங்க நெருங்கச் சற்றுச் சொரசொரப்பாகவும் தேய்ப்பது நல்லது. தாளின் எண் கூடக் கூட அது நைசு என்பதை நினைவில் கொள்ளுங்கள். நுனி மூடிக்குள் சிறு கண்ணாடி வில்லை வைத்து, அங்கே சேரும் ஒளியைத் திருப்பி அனுப்புவோரும் உண்டு.

மடிக்கணினித் திரைகளிலும் இதே தந்திரம் உள்ளது. பல திரைகளில் எல்இடி விளக்குகள் ஓரத்தில்தான் இருக்கும். பின்னால் உள்ள பிளாஸ்டிக் தகட்டில் நுண்புள்ளிகளை விளக்கருகே குறைவாகவும் தொலைவில் நெருக்கமாகவும் அமைத்து, திரை முழுவதும் சமமாக ஒளிரச் செய்கிறார்கள்.

அழகா, உறுதியா?

கீறலின் திசையும் முக்கியம். ஒரு கீறல் தனக்குக் குறுக்காகவே ஒளியை அதிகம் பரப்பும். குழாயைச் சுற்றி மோதிரம்போல் தேய்த்தால், நுனியை நோக்கி ஓடும் ஒளி பக்கவாட்டில் நன்றாகத் திரும்பும். ஆனால் குழாய் வளையும்போது விசை நீளவாக்கில் செயல்படுவதால், குறுக்கே உள்ள ஆழமான கீறலில்தான் விரிசல் எளிதில் தொடங்கும். பாலிகார்பனேட் அடி தாங்கும் பொருள்தான், என்றாலும் ஆழமான கீறல் அந்த வலிமையைக் குறைத்துவிடும். அக்ரிலிக் குழாயோ கூர்மையான துண்டுகளாக உடையக்கூடியது. சுவரில் மாட்டும் வாளுக்கு அது போதும், மோதி விளையாடும் வாளுக்கு ஆகாது.

தேய்க்கும்போது நீர் புகாத உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தினால் பிளாஸ்டிக் தூசி பறக்காது. முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள். விளக்கு எரியும்போது குழாயின் வாய்வழியே உற்றுப் பார்க்கக் கூடாது.

மங்கும் ரயில் கண்ணாடி

சிதறலை விசை தட்டி நிறுத்தவும் முடியும். புக்கிட் பாத்தோக்கிலிருந்து இரண்டு நிலையம் தள்ளி, சுவா சூ காங்கில் இறங்கி புக்கிட் பாஞ்சாங் இலகு ரயிலில் ஏறிப் பாருங்கள். வீவக புளோக்குகளை ஒட்டிச் செல்லும்போது சன்னல்கள் தாமாகவே மங்கிவிடும், புளோக்கைக் கடந்ததும் தெளியும். குடியிருப்பாளர்களின் வீட்டுக்குள் பயணிகளின் பார்வை போகாமலிருக்கவே இந்த ஏற்பாடு.

இத்தகைய கண்ணாடிகளில் பொதுவாக, பிளாஸ்டிக் படலத்துக்குள் நுண்ணிய திரவப் படிகத் துளிகள் இருக்கும். மின்சாரம் இல்லாதபோது துளிக்கும் படலத்துக்கும் ஒளிவிலகல் எண் வேறுபடுவதால் ஒளி சிதறும், கண்ணாடி மங்கும். மின்சாரம் பாய்ந்ததும் படிகங்கள் வரிசையாகத் திரும்பி இரண்டின் எண்ணும் ஒத்துப்போகும். அப்போது சிதறல் குறைந்து கண்ணாடி தெளியும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பழைய பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றின் ஒரு பகுதியை உப்புத்தாளால் தேய்த்து மங்கச் செய்யுங்கள். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நீர் பட்ட இடம் மட்டும் தெளிவாகும். காற்றின் எண் 1, தண்ணீரின் எண் 1.33. பள்ளங்களை நிரப்பும் நீர் பிளாஸ்டிக்கின் எண்ணை ஓரளவு நெருங்குவதால் சிதறல் குறைகிறது. தண்ணீருக்குப் பதில் சமையல் எண்ணெய் விட்டால், அதன் எண் சுமார் 1.47. எது கூடுதலாகத் தெளியும்? சோதிக்கும் முன்பே விடையை ஊகித்து எழுதி வையுங்கள்.