41 வயதில் கோப்பை தூக்கிய 'அண்ணா'!

பொங்கல் நேரத்தில் பனமரத்துப்பட்டிப் பக்கம் கபடி பார்த்திருப்பீர்கள். விசில் பறப்பதெல்லாம் பாடிப்போகிற ரைடருக்குத்தான். ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிறவர் பெயர் பலருக்குத் தெரியாது.

அமெரிக்கன் ஃபுட்பாலிலும் இதே கதைதான். பந்தை எறியும் குவாட்டர்பேக் நட்சத்திரம். எதிரணியினர் அவர்மேல் பாயாமல் உடம்பைக் கொடுத்துத் தடுப்பவர்கள் 5 லைன்மேன்கள். அவர்கள் புள்ளி எடுப்பது அபூர்வம்.

இப்படி ஓரத்தில் நின்றே உயர்ந்தவர் நம்ம ஊர் தர்மராஜ் சேரலாதன். சொந்த ஊர், தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டி. சக வீரர்களுக்கு 'அண்ணா'.

இவருடைய ஆயுதம் கணுக்கால் பிடி. ஒரு ரைடுக்கு 30 நொடிதான். போனஸ் கோட்டைத் தொட ரைடர் காலை நீட்டும் அந்தக் கணத்தில் பாய வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி எதிரணிக்கு! இங்கே வேகத்தைவிடப் பொறுமையும் அனுபவமும்தான் பேசும்.

2014-ல் புரோ கபடி தொடங்கியபோது அவருக்கு வயது 39. பலர் ஓய்வுபெறும் வயது. 2016 ஜூலையில், 41 வயதில், பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். இறுதிப்போட்டியில் ஜெய்ப்பூரை 37-29 என வீழ்த்தியது அணி. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார்.

'என் பையனை ரைடுக்கே விடமாட்டேங்கறாங்க' என்று வருத்தப்படும் பெற்றோர்களே... அவன் நிற்கிற ஓரமும் உலகக் கோப்பை வரை போகும்!