பாஸ்கல் விதியும் சிறு டிராக்டரும்

எங்கள் கோவிலம்பாக்கத்தில் டிராக்டர் ஓட்டிக் கிடைக்கும் கூலியில்தான் என் தந்தையார் என்னைப் படிக்க வைக்கிறார்.

டிராக்டரின் பின்னால் கலப்பையைத் தூக்குவது ஹைட்ராலிக் ஆயில். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எத்திசையிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியே இதற்கு அடிப்படை. இதை உழவுக்குப் பயன்படுத்தி ஹாரி பெர்குசன் 1926இல் காப்புரிமை பெற்றார். 1960இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம் அவர் பெயர் தாங்கிய டிராக்டர்களை இங்கே செய்யத் தொடங்கியது.

திரவம் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். ஆயில் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், கலப்பை உதறி உதறி எழும், பம்பும் தேயும்.

சோதிப்பது எப்படி? வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கலப்பையை இறக்கி, எஞ்சினை அணைக்க வேண்டும். தூக்கியிருந்தால் சிலிண்டரில் ஆயில் தங்கி, அளவு குறைவாகத் தெரியும். சுற்றிலும் தூசியைத் துடைத்து டிப்ஸ்டிக்கை உருவி, அதையும் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். இரு கோடுகளுக்கு இடையில் ஆயில் நிற்க வேண்டும். குறைந்தால் கையேடு கூறும் வகையையே சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். முழுவதையும் மாற்ற வேண்டும். கசிவை விரலால் தடவிப் பார்க்கலாகாது. பீறிடும் ஆயில் தோலைத் துளைத்துவிடும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கலாம்.

இதற்கு ஐந்து நிமிடம் போதும். பம்பு பழுதானால் வண்டி நிற்கும். எங்களைப் போன்ற வீடுகளில் அடுப்பும் நிற்கும்.