இங்கிலாந்தின் வேட்டைச் சட்டங்களும் அவற்றின் சீர்திருத்தமும்

இங்கிலாந்தின் வேட்டைச் சட்டங்கள் என்பன காட்டு முயல், கவுதாரி, பெசன்ட் கோழி முதலிய உயிரினங்களை யார் வேட்டையாடலாம், யார் விற்கலாம், யார் வாங்கலாம் என்பதை வரையறுத்த சட்டங்களின் தொகுதியாகும். 1671 முதல் 1831 வரை வேட்டையாடும் உரிமை பெரும்பாலும் பெருநிலக்கிழார்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1755 முதல் வேட்டை உயிரினங்களை விற்கும் உரிமை எவருக்கும் இல்லை. 1831 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட வேட்டைச் சட்டம் இவ்விரு தடைகளையும் நீக்கி, அவற்றின் இடத்தில் உரிம முறையைக் கொண்டுவந்தது. 2007 ஆம் ஆண்டில் அவ்வுரிம முறையும் கைவிடப்பட்டது. மக்கள் விரும்பி வாங்கும் ஒரு பொருளின் விற்பனையை முற்றாகத் தடை செய்தால் அவ்வணிகம் அழிந்துவிடுவதில்லை. சட்டத்தை மீறத் துணிந்தவர் கைக்கு மாறிவிடுகிறது. இதனை இச்சட்டங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பின்னணி

1066 ஆம் ஆண்டின் நார்மன் வெற்றிக்குப் பின்னர், மன்னர் முதலாம் வில்லியம் பரந்த நிலப்பகுதிகளை அரச வனங்களாக அறிவித்தார். இங்கு வனம் என்பது மரங்கள் அடர்ந்த காட்டை மட்டும் குறிக்கவில்லை. மன்னரின் வேட்டைக்காகத் தனிச்சட்டம் நடைமுறையில் இருந்த நிலப்பகுதி முழுவதும் வனம் எனப்பட்டது. ஊர்களும் வயல்களும் கூட அதனுள் அடங்கின. அங்கு மானைக் கொன்றவர்கள் கொடிய தண்டனைகளுக்கு உள்ளாயினர். 1217 ஆம் ஆண்டின் வனப் பட்டயம், மான் வேட்டைக்காக எவரும் உயிரையோ உடலுறுப்பையோ இழக்கலாகாது என்று விதித்தது.

1381 ஆம் ஆண்டின் உழவர் கிளர்ச்சிக்குப் பின்னர், இரண்டாம் ரிச்சர்டின் ஆட்சிக்காலத்தில் வேட்டைக்குச் சொத்துத் தகுதி முதன்முறையாக விதிக்கப்பட்டது. ஆண்டுக்கு 40 சில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாத பொதுமக்கள் வேட்டை நாய்களையும் வலைகளையும் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. வேட்டை என்ற பெயரில் எளிய மக்கள் ஒன்றுகூடிக் கிளர்ச்சிக்குத் திட்டமிடுவர் என்ற அச்சமும் இச்சட்டத்துக்குக் காரணமாக இருந்தது.

1671 ஆம் ஆண்டுச் சட்டம்

இரண்டாம் சார்லசு மன்னரின் காலத்தில் இயற்றப்பட்ட 1671 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகுதியைப் பன்மடங்கு உயர்த்தியது. ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் முழுவுரிமை நிலமோ, 150 பவுண்டு வருமானம் தரும் நீண்டகாலக் குத்தகை நிலமோ உடையவர்கள் மட்டுமே வேட்டையாடலாம். எசுகுவையர் அல்லது அதற்கு மேற்பட்ட சமூக நிலையில் உள்ளவர்களின் மரபுரிமை மகன்களுக்கும் இவ்வுரிமை உண்டு.

இச்சட்டத்தின்படி வேட்டையுரிமை நிலத்தின் உரிமையாளருக்கு உரியதன்று; ஒரு குறிப்பிட்ட வகுப்பினருக்கு உரியது. ஆண்டுக்கு 50 பவுண்டு வருமானம் தரும் நிலம் வைத்திருந்த ஓர் உழவர், தம் சொந்த வயலில் பயிரை மேயும் முயலைக் கூடக் கொல்ல முடியாது. பெருஞ்செல்வம் ஈட்டிய நகர வணிகரும் நிலம் இல்லையெனில் தகுதியற்றவரே. பெருநிலக்கிழார்கள் வேட்டைக் காவலர்களை அமர்த்திக்கொள்ளவும், அக்காவலர்கள் தகுதியற்றவர்களின் துப்பாக்கி, நாய், வலை ஆகியவற்றைப் பறிமுதல் செய்யவும் இச்சட்டம் இடமளித்தது. வழக்குகளை விசாரித்த உள்ளூர் நீதிபதிகளும் பெரும்பாலும் அதே நிலக்கிழார் வகுப்பைச் சேர்ந்தவர்களாகவே இருந்தனர். சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்சுடன் இச்சட்டங்களை 18 ஆம் நூற்றாண்டிலேயே குறை கூறியுள்ளார்.

விற்பனைத் தடையும் கள்ளச் சந்தையும்

வணிகர்கள் வேட்டை உயிரினங்களை விற்பதற்கு முன்னரே தடைகள் இருந்தன. 1755 ஆம் ஆண்டுச் சட்டம், வேட்டையாடத் தகுதி பெற்றவர்களும் விற்கலாகாது என்று விதித்துத் தடையை முழுமையாக்கியது. ஒரு நிலக்கிழார் தாம் சுட்ட கவுதாரியை நண்பருக்குப் பரிசாக அளிக்கலாம். பணத்துக்கு விற்க முடியாது. இதனால் வேட்டை இறைச்சி சந்தையில் கிடைக்காத ஒரு மதிப்புச் சின்னமாயிற்று. நிலமில்லாத செல்வந்தர்களும் தம் விருந்துகளில் அதனைப் பரிமாற விரும்பினர்.

இலண்டன் போன்ற நகரங்கள் வளர வளர, வாங்குவோர் எண்ணிக்கையும் பெருகியது. சட்டப்படி விற்கக்கூடியவர் ஒருவரும் இல்லாத நிலையில், இத்தேவையைக் கள்ள வேட்டைக்காரர்களே நிறைவு செய்தனர். அவர்கள் இரவில் பிடித்தவற்றைக் குதிரைவண்டி ஓட்டுநர்கள் நகரத்துக்குக் கொண்டு சேர்த்தனர்; கோழி வணிகர்கள் மறைவாக விற்றனர். 1818 ஆம் ஆண்டில் வாங்குவதும் குற்றமாக்கப்பட்டது. எனினும் வாங்குவோர் செல்வாக்குள்ளவர்களாக இருந்தமையால் அச்சட்டம் பெரும்பயன் தரவில்லை. 1823 ஆம் ஆண்டில் நாடாளுமன்ற மக்களவை அமைத்த தெரிவுக்குழு இவ்வணிகத்தை ஆராய்ந்தது.

தண்டனைகள்

வணிகம் பெருகியதைக் கண்ட நாடாளுமன்றம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. 1723 ஆம் ஆண்டின் கருப்புச் சட்டம், முகத்தில் கரி பூசி ஆயுதத்துடன் வேட்டைப்பகுதிகளில் நடமாடுவதற்கு மரண தண்டனை விதித்தது. இச்சட்டத்தின் பெரும்பகுதி 1823 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 1828 ஆம் ஆண்டின் இரவு வேட்டைச் சட்டத்தின்படி, முதல் குற்றத்துக்கு 3 மாதமும் இரண்டாம் குற்றத்துக்கு 6 மாதமும் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மூன்றாம் முறை பிடிபட்டவரை 7 ஆண்டுகள் நாடு கடத்தலாம். மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூட்டாகச் சென்று, அவர்களுள் ஒருவரேனும் ஆயுதம் தாங்கியிருந்தால், நாடு கடத்தல் 14 ஆண்டுகள் வரை நீளலாம். இவ்வாறு தண்டனை பெற்றவர்கள் ஆத்திரேலியக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். நெப்போலியப் போர்கள் 1815 இல் முடிந்தபின் பண்ணைக் கூலி வீழ்ந்திருந்த காலம் அது. கூலியாள் ஒருவருக்கு ஒரு முயல் வீட்டுக்கு உணவாகவோ விற்றுப் பணமாகவோ பயன்பட்டது.

நிலக்கிழார்கள் தம் காடுகளில் பொறித் துப்பாக்கிகளையும் மனிதப் பொறிகளையும் வைத்தனர். பொறித் துப்பாக்கி என்பது தரையில் கட்டப்பட்ட கம்பியில் கால் பட்டதும் தானாகச் சுடும் கருவியாகும். அது கள்ள வேட்டைக்காரரையும் வழிதவறி வந்த சிறுவரையும் வேறுபடுத்தி அறியாது. பொறி வைக்கப்பட்டிருப்பதை அறிந்தே நுழைந்தவர் இழப்பீடு கோர முடியாது என்று 1820 ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனைச் சமய குருவும் எழுத்தாளருமான சிட்னி சுமித் 'எடின்பரோ ரிவியூ' இதழில் கடுமையாகக் கண்டித்தார். 1827 ஆம் ஆண்டில் இப்பொறிகள் சட்டத்தால் தடை செய்யப்பட்டன.

1831 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம்

விற்பனையைச் சட்டப்படி அனுமதித்தால், நிலக்கிழார்களே சந்தைக்கு இறைச்சி வழங்குவர். கள்ள வேட்டையின் ஆதாயம் குறையும் என்பது சீர்திருத்தவாதிகளின் வாதம். விற்பனை அனுமதிக்கப்பட்டால் திருட்டுப் பொருளையும் நல்ல பொருளையும் பிரித்தறிய இயலாது என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். பல முயற்சிகள் தோல்வியுற்ற பின்னர், கிரே பிரபுவின் அரசு 1831 ஆம் ஆண்டில் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதன் முக்கியக் கூறுகள்:

* சொத்துத் தகுதி நீக்கப்பட்டது. கட்டணம் செலுத்திச் சான்றிதழ் பெற்ற எவரும் வேட்டையாடலாம். ஆனால் பிறர் நிலத்தில் அத்துமீறி நுழையலாகாது.
* உரிமம் பெற்ற வணிகர்கள் வேட்டை உயிரினங்களை வாங்கி விற்கலாம். விடுதி நடத்துவோர், வண்டி ஓட்டுநர் முதலியோருக்கு இவ்வுரிமம் வழங்கப்படவில்லை.
* பறவைகளுக்குத் தடைக்காலம் வரையறுக்கப்பட்டது. கவுதாரியை பிப்ரவரி 1 முதல் செப்டம்பர் 1 வரையும், பெசன்ட் கோழியை பிப்ரவரி 1 முதல் அக்டோபர் 1 வரையும் கொல்லலாகாது.
* ஞாயிற்றுக்கிழமையிலும் கிறித்துமசு நாளிலும் வேட்டை தடை செய்யப்பட்டது.

இச்சட்டத்தின் பட்டியலில் கானமயில் இனப் பறவையும் இடம்பெற்றிருந்தது. ஆயினும் 1830களிலேயே அப்பறவை பிரித்தானியாவில் இனப்பெருக்கம் செய்வது நின்றுபோயிற்று.

சீர்திருத்தத்தின் எல்லைகள்

1831 ஆம் ஆண்டுச் சட்டம் கள்ள வேட்டையை ஒழிக்கவில்லை. நிலமற்ற கூலியாளுக்கு வேட்டையாடச் சட்டப்படியான இடம் முன்போலவே கிடைக்கவில்லை; இரவு வேட்டைக்கான தண்டனைகளும் தொடர்ந்தன. 1862 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் சாலையில் செல்வோரைச் சோதனையிடும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு வழங்கியது.

குத்தகை உழவர்களின் இடரும் நீடித்தது. நிலக்கிழார்கள் குத்தகை ஒப்பந்தங்களில் வேட்டையுரிமையைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டனர். முயல்கள் பயிரை அழிப்பதை உழவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. ஜான் பிரைட்டு என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் 1845 இல் இது குறித்து ஆராயக் குழு அமைக்கப்பட்டது. 1880 ஆம் ஆண்டில், கிளாட்சுடன் ஆட்சியில், நிலத்தைப் பயிரிடுவோர் முயல்களைக் கொல்லும் உரிமை பெற்றனர். இவ்வுரிமையை எந்த ஒப்பந்தத்தாலும் பறிக்க முடியாது.

2007 ஆம் ஆண்டு மாற்றங்கள்

2007 ஆகத்து 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் வேட்டை உரிமமும் விற்பனை உரிமமும் நீக்கப்பட்டன. அஞ்சலகத்தில் 6 பவுண்டுக்குக் கிடைத்த ஓராண்டு வேட்டை உரிமத்தால் வேட்டை கட்டுப்படவில்லை. உறைபதன வசதியால் தடைக்காலத்திலும் இறைச்சியைச் சேமிக்க முடிந்தமையால், சட்டப்படி வேட்டையாடப்பட்ட பறவைகளை ஆண்டு முழுவதும் விற்க அனுமதி வழங்கப்பட்டது. காட்டு முயலுக்கு மட்டும், மார்ச் முதல் சூலை வரை விற்பனையைத் தடுக்கும் 1892 ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்கிறது. தடைக்காலங்களும் அத்துமீறலுக்கு எதிரான விதிகளும் நீடிக்கின்றன. நாய்களை ஏவி முயல் பிடிப்போரைக் கட்டுப்படுத்த, அத்துமீறி வேட்டையாடுவதற்கான தண்டனை 2022 ஆம் ஆண்டில் 6 மாதச் சிறை வரை உயர்த்தப்பட்டது.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

இங்கிலாந்தின் தீர்வு எல்லா நாடுகளுக்கும் பொருந்துவதன்று. அங்கு பெசன்ட் கோழிகளை நிலக்கிழார்கள் வளர்த்துக் காத்தனர். எனவே விற்பனை வருவாய் அவ்வினத்தைப் பெருக்கவே உதவியது. அமெரிக்காவில் காட்டுயிர்களை வளர்ப்பவர் எவரும் இல்லாத நிலையில் சந்தைக்கான வேட்டை தடையின்றி நடந்தது. கோடிக்கணக்கில் பறந்த பயணப் புறா இனம் அழிந்தது. அவ்வினத்தின் கடைசிப் பறவை 1914 ஆம் ஆண்டில் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. 1900 ஆம் ஆண்டின் லேசி சட்டம், மாநிலச் சட்டத்தை மீறிக் கொல்லப்பட்ட உயிரினங்களை மாநிலங்களுக்கிடையே கொண்டுசெல்வதைத் தடுத்தது.

தமிழகத்தின் நீலகிரியில் பிரித்தானியர் 1877 ஆம் ஆண்டில் வேட்டைச் சங்கம் அமைத்தனர். 1879 ஆம் ஆண்டில் நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இது வேட்டையைத் தடை செய்யாமல் ஒழுங்குபடுத்தும் முறையாகும். விடுதலைக்குப் பின் இந்தியா வேறு வழியைத் தேர்ந்தது. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 ஆம் ஆண்டுத் திருத்தமும் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன.