மாதிரி இருப்புப்பாதையும் அளவின் உண்மையும்



மாமல்லபுரத்துக் கடற்கரையில் நிற்கும் ஐந்து இரதங்களை உங்களிற் பெரும்பாலோர் கண்டிருப்பீர்கள். அவற்றுள் மிகச் சிறியது திரௌபதி இரதம். மரச்சட்டமும் கூரையும் கொண்டு கட்டுகின்ற குடிசையின் வடிவத்தை, ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒரே கல்லில் செதுக்கி வைத்திருக்கிறான். மழைக்கு ஒதுங்குவதற்கென்று அவன் அதைச் செய்யவில்லை. ஆயினும் கூரையின் வளைவும் விளிம்பின் சரிவும் பிசகவில்லை. மரக்கட்டடக் கலையில் இன்று நமக்குக் கிடைக்காத பலவற்றை அந்தக் கற்களிலிருந்தே அறிஞர்கள் படித்து அறிகின்றனர். ஒன்றன் வடிவத்தை உண்மை தவறாமல் இன்னொன்றில் வடித்தால், மூலப்பொருள் அழிந்த பின்னும் வடிவம் சான்று கூறும்.

இக்கருத்தை மனத்திற் கொண்டு, மாதிரி இருப்புப்பாதை என்னும் கைத்தொழிலைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். குழந்தைகள் சாவி கொடுத்து ஓட்டும் பொம்மை ரெயிலை நான் இங்குக் கருதவில்லை. பாதை, சக்கரம், எஞ்சின் ஆகிய மூன்றையும் ஒரே விகிதத்தில் குறைத்து, மெய்யான வண்டி எந்த முறையில் ஓடுகின்றதோ அந்த முறையிலேயே ஓடுமாறு அமைக்கும் நுண்ணளவு மாதிரியையே கருதுகிறேன். பொம்மைக்கு ஓடினால் போதும். மாதிரியோ ஓடவும் வேண்டும். உண்மையும் சொல்ல வேண்டும்.

முதலில் விகிதத்தைக் காண்போம். இங்கிலாந்திலே பெருவழக்காக உள்ள முறை, ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் என்பது. ஓரடி 304.8 மில்லிமீட்டர், ஆகவே விகிதம் 76.2-க்கு ஒன்று. மேனாட்டு நிலையான பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம், அதாவது 1,435 மில்லிமீட்டர். அதை 76.2-ஆல் வகுத்தால் 18.83 மில்லிமீட்டர் வரும். ஆனால் கடைகளில் விற்கும் மாதிரிப் பாதையின் அகலமோ 16.5 மில்லிமீட்டர். இந்த முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது? 16.5 என்பது 87-க்கு ஒன்று என்னும் வேறொரு விகிதத்திற்கு உரிய அகலம். ஆங்கிலேய எஞ்சின்கள் உருவில் சிறியவை. அக்காலத்து மின்மோட்டார் அந்த விகிதத்தில் செய்த கூட்டுக்குள் அடங்கவில்லை. ஆகவே கூட்டை மட்டும் பெரிதாக்கி, பாதையைப் பழைய அகலத்திலேயே விட்டுவிட்டனர். விளைவு, பாதை 7 அங்குலம் குறுகிப் போயிற்று. இதைப் பொறாத சிலர் 1960-களில் அந்நாட்டில் ஒன்றுகூடி, 18.83 மில்லிமீட்டர் அகலத்தில் பாதையையும் அதற்கேற்ற மெல்லிய சக்கரங்களையும் வகுத்துக் கொண்டனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். செங்கற்பட்டு நிலையத்தில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் கொளவாய் ஏரி. தெற்கே சென்றால் பாலாற்றுப் பாலம். இன்று அங்குள்ளது அகலப்பாதை. 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மில்லிமீட்டர். 1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கும், 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கும் வண்டி ஓடியது இந்த அகலத்தில்தான். ஆனால் செங்கற்பட்டு வழியே தெற்கு நோக்கிச் சென்ற பாதை அவ்வாறு பிறந்ததன்று. செலவைக் குறைக்கக் கருதி 1870-இல் மேயோ பிரபுவின் ஆட்சியில் மீட்டர் அகலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த மீட்டர் பாதையில்தான் எழும்பூரிலிருந்து புறப்பட்ட வண்டிகள் செங்கற்பட்டைக் கடந்து தென்னாட்டுக்குச் சென்றன. 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்வண்டி ஓடத் தொடங்கியதும் மீட்டர் பாதையிலேயே. இருபதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் அகலப்பாதை செங்கற்பட்டை வந்தடைந்தது. 2004 ஜூலை முதல் நாளன்று கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதைச் சேவையும் நின்றது. இன்று கல்லூரியில் பயிலும் நீங்கள் அந்த வண்டியில் ஏறியிருக்க முடியாது.

இவ்விரு பாதைகளையும் ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் என்னும் விகிதத்தில் அமைக்க முயல்வோம். ஐந்தரை அடி சரியாக 22 மில்லிமீட்டராகும். கடையில் வாங்கிய 16.5 மில்லிமீட்டர் பாதையில் நம் அகலப்பாதை எஞ்சினை நிறுத்தினால் என்ன ஆகும்? 16.5 என்பது 22-இல் சரியாக முக்காற் பங்கு. ஐந்தரை அடிப் பாதையில் காற்பங்கு காணாமற் போய்விடும்! மீட்டர் பாதை 13.1 மில்லிமீட்டர் ஆதல் வேண்டும். கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர். அது மூன்றடிப் பாதைக்கே பொருந்தும். மூலப்பாதையே மறைந்துவிட்ட ஓர் ஊரில், தவறான அகலத்தில் ஒரு மாதிரியைச் செய்து வைத்தால், ஒரு தலைமுறை கழிந்தபின் அதுவே மெய்யென்று நம்பப்படும். ஆகவே, சிரமப்பட்டேனும் பாதையை நம் கையாலேயே இடுவது நன்று என்பது என் கருத்து.

அகலம் சரியானால் மட்டும் போதுமா? போதாது. சக்கரமும் பாதையும் செய்துகொண்ட உடன்படிக்கையே இருப்புப்பாதை. சக்கரத்தின் உட்பக்கத்தில் நீண்டிருக்கும் விளிம்பே வண்டியைத் தண்டவாளத்தின்மீது நிறுத்துகிறது. நம் அகலப்பாதை வண்டிகளில் ஓர் அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,600 மில்லிமீட்டர். மாதிரியில் இது சரியாக 21 மில்லிமீட்டர். விளிம்பின் பருமன் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர், மாதிரியில் 0.38. விளிம்பின் உயரம் 28.5 மில்லிமீட்டர், மாதிரியில் 0.37. அஞ்சலட்டை இரண்டை அடுக்கினால் வரும் கனத்தைவிடச் சிறிதே மிகுதி. அவ்வளவுதான் வண்டியைப் பாதையில் வைத்திருக்கும் காவல்!

நேர்ப்பாதையில் இது போதும். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்திலேதான் சோதனை. அங்கே ஒரு தண்டவாளம் இன்னொன்றைக் கடக்கும். சக்கர விளிம்பு செல்வதற்கு ஓர் இடைவெளி விட்டாக வேண்டும். நம் நாட்டு விதிப்படி அந்த இடைவெளி குறைந்த அளவு 44 மில்லிமீட்டர், மாதிரியில் 0.58. இடைவெளியைத் தாண்டும் சக்கரம் கூர்முனையில் மோதாமலிருக்க, எதிர்ப்பக்கத்தில் ஒரு காப்புத் தண்டவாளம் நின்று, மற்றச் சக்கரத்தின் முதுகைப் பிடித்து இழுத்துக் கொள்கிறது. தொழிலாளர் இதனைச் ‘செக் ரெயில்’ என்பர்.

இப்போது ஒரு சிறு கணக்கு. தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். காப்புத் தண்டவாளத்திலிருந்து எதிர்ப்புறக் கூர்முனை வரை உள்ள தூரம் 22-இல் 0.58 போக 21.42. சக்கரங்களின் இடைத்தூரத்தோடு ஒரு விளிம்பின் பருமனைக் கூட்டினால் இதற்கு மேற்படலாகாது. மேற்பட்டால் விளிம்பு கூர்முனையில் மோதும். ஆகவே இடைத்தூரம் 21.42-இல் 0.38 போக, 21.04-க்கு மிகலாகாது. இனி மறுபுறம் பாருங்கள். இருபுறத்து இடைவெளிகளையும் 22-இலிருந்து கழித்தால் 20.84 வரும். இடைத்தூரம் இதற்குக் குறைந்தால், சக்கரங்கள் இரு காப்புகளையும் கௌவிக்கொண்டு ஏறிவிடும். ஆக, 20.84-க்கும் 21.04-க்கும் இடைப்பட்ட 0.2 மில்லிமீட்டரே நமக்குக் கிடைத்த சலுகை. மெய்யான பாதையின் அளவுகளை வகுத்தபோது கிடைத்த 21 அதனுள் அழகாக அமர்வதைக் காண்கிறீர்கள் அல்லவா? மூல அளவை நம்பினவன் கைவிடப்படவில்லை.

அடுத்து, பாதையை இடும் முறை. செம்புத் தகடு ஒட்டிய பலகையைச் சிறு கீற்றுகளாக நறுக்கிக் குறுக்குக்கட்டைகளாகக் கொள்ளலாம். இக்காலத்துக் கான்கிரீட் கட்டையின் நீளம் 2,750 மில்லிமீட்டர்; மாதிரியில் 36. கிலோமீட்டருக்கு 1,660 கட்டைகள் என்பது வழக்காதலால், ஒரு கட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஏறத்தாழ 7.9 மில்லிமீட்டர். ஒரு தண்டவாளத்தை முதலில் நேராகப் பற்றவைத்து, அகலமானியை வைத்து மற்றதைப் பற்றவைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டையிலும் செம்பை நடுவில் அறுத்துவிட மறவாதீர்கள். அறுக்காவிடில் மின்னோட்டம் ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்கு நேரே பாய்ந்துவிடும். ஒரு பாட்டரியையும் கைவிளக்குப் பல்பையும் இரு தண்டவாளங்களோடு தொடராக இணைத்துப் பாருங்கள். பல்பு எரிந்தால் எங்கோ ஒரு கட்டை அறுபடவில்லை என்று பொருள்.

கடற்கரையை அடுத்து வாழ்வோர் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் எஃகுத் தண்டவாளம் விரைவில் துருப்பிடித்து, சக்கரத்துக்கு மின்சாரம் செல்வதைத் தடுக்கும்; ஆதலால் நிக்கல் சில்வர் என்னும் கலப்பு உலோகமே ஏற்றது. அது வெப்பத்தில் நீளும். மூன்று மீட்டர் தண்டவாளம் 20 பாகை வெப்பமாற்றத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளும். இணைப்புகளில் அதற்கு இடம் விடாவிட்டால் சித்திரை வெயிலில் பாதை வளைந்துவிடும். பலகையோ வெப்பத்தைவிட ஈரத்துக்கே மிகுதியாக அஞ்சும். ஒட்டுப்பலகையின் மேல், கீழ், ஓரம் எல்லாவற்றுக்கும் வார்னிஷ் பூசுக. ஒரு பக்கம் மட்டும் பூசினால் ஐப்பசி மழையில் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை கோணிவிடும்.

இனி எஞ்சினை மாற்றியமைத்தல். கடையில் வாங்கியது 16.5 மில்லிமீட்டர் பாதைக்கென்று செய்யப்பட்டது. வாங்குமுன் அதன் கூடு எந்த விகிதத்தில் ஆனது என்று பார்க்க வேண்டும். 87-க்கு ஒன்று என்னும் விகிதமாயின், நம் அகலப்பாதை 22 அன்று, 19.3 ஆகும். கணக்கு முழுவதையும் அதற்கேற்பப் போட வேண்டும். தொடக்கக்காரர்க்கு டீசல் எஞ்சினே எளிது. ஆல்கோ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வடிவமைப்பில், வாராணசித் தொழிற்சாலை 1964 முதல் கட்டிய டபிள்யூ.டி.எம்.2 வகையை எடுத்துக் கொள்ளுங்கள். அதற்கு மும்மூன்று அச்சுகள் கொண்ட இரு போகிகள். பழைய தடித்த சக்கரங்களைக் கழற்றி, நீண்ட அச்சில் மெல்லிய சக்கரங்களைச் செருகி, இடைத்தூரத்தை 21-ஆக அமைத்து, போகியின் பக்கச் சட்டங்களைச் சற்று வெளியே தள்ளினால் வேலை பெரும்பாலும் முடிந்தது. நீராவி எஞ்சினில் இன்னொரு தொல்லை உண்டு. இரு பக்கத்துச் சுழல்தண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி நிற்க வேண்டும். எல்லா அச்சுகளிலும் அந்தக் கோணம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் அச்சில் பிசகினாலும் இணைப்புத் தண்டு இறுகி எஞ்சின் நொண்டும்.

விளிம்பின் உயரம் 0.37 மில்லிமீட்டரே என்றோம். பாதையில் அவ்வளவு பள்ளம் இருந்து, அச்சுகள் அசையாமல் இறுகி இருப்பின், ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்று வண்டி தடம்புரளும். நான்கு கால் மேசை மேடுபள்ளமான தரையில் ஆடும், முக்காலி ஆடாது. ஆகவே ஓர் அச்சை நிலையாக வைத்து, மற்றவற்றை நடுவில் ஊன்றிய சமன்தண்டின் மீது ஏற்றிவிட வேண்டும். அன்றி, ஒவ்வோர் அச்சுக்கும் மெல்லிய வில் அமைக்கலாம்.

அளவைக் குறைத்தாலும் இயற்கை எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பதில்லை. நீளம் 76.2 மடங்கு குறையும்போது எடை அதன் மும்மடியாகக் குறைகிறது. 112.8 டன் எடையுள்ள டபிள்யூ.டி.எம்.2 மாதிரியில் 255 கிராமாகிவிடும். ஆகவே தண்டவாளத்தின் மீதுள்ள ஒரு துகள் தூசியும் அதற்குப் பெருந்தடை. இன்னொன்று: பெரிய பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூரிய வளைவின் ஆரம் 175 மீட்டர். மாதிரியில் அது 2.3 மீட்டர். முழுவட்டம் போட 4.6 மீட்டருக்கு மேற்பட்ட கூடம் வேண்டும். நம் வீடுகளில் அது ஏது? வளைவைக் கூட்டி அளவைக் கெடுப்பதைவிட, வட்டமே வேண்டாம் என்று விட்டு, ஏரிக்கரை ஓரத்து நேர்ப்பாதையின் ஒரு துண்டை மட்டும் உண்மையாகச் செய்வது மேல்.

முடிவாக, சோதனை. மின்சாரம் கொடுக்குமுன் ஒரு தனிப் பெட்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். இடறும் இடத்தை விரல் உணரும். அடுத்து, எஞ்சினைக் கொண்டு பெட்டிகளை இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளச் செய்யுங்கள். இழுக்கும்போது மறையும் குறைகள் தள்ளும்போது வெளிப்படும். மிக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வேகத்தில் தாண்டிவிடும் பள்ளத்தை மெதுவில் தாண்ட முடியாது. தடம்புரண்டால் உடனே தண்டவாளத்தை வளைக்க முற்படாதீர்கள். வெர்னியர் காலிப்பரை எடுத்து முதலில் சக்கரத்தை அளவுங்கள். பிறகு பாதையை அளவுங்கள். இரண்டையும் குறித்துக் கொள்ளுங்கள். மே மாதத்தில் ஒருமுறையும் நவம்பரில் ஒருமுறையும் இதையே திரும்பச் செய்யுங்கள். இரு பருவங்களிலும் ஓடினால்தான் அது பாதை.

உங்கள் இயற்பியற் கூடத்திலே அந்தக் காலிப்பர் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை ஈயக்குண்டின் விட்டத்தை அளந்துவிட்டுப் பெட்டியில் மூடிவைப்பதோடு அதன் பணி தீர்ந்துவிடலாகாது. நாலைந்து மாணவர்கள் சேர்ந்து, ஒரு மீட்டர் நீளத்துக்கு 22 மில்லிமீட்டர் பாதையும், அதன் அருகிலே 13.1 மில்லிமீட்டர் பாதையும் இடுங்கள். ஒன்று இன்று உங்கள் ஊரில் ஓடுகின்ற பாதை. மற்றது உங்கள் பெற்றோர் பயணம் செய்த பாதை. 21 மில்லிமீட்டர் இடைத்தூரமுள்ள ஒரு சக்கர இணையை முதற் பாதையில் உருட்டிவிடுங்கள். அது ஓசையின்றி மறுமுனை சேருமாயின், அடுத்த பாதைக்குரிய சக்கரத்தின் அளவை நீங்களே கணக்கிடத் தொடங்கலாம்.