ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரப் பல்

பல் சீரமைப்புப் படிக்கும் மாணவர்கள் கம்பி கட்டுவதற்கு முன் கடியைப் பார்க்கக் கற்கிறார்கள். 1899இல் எட்வர்ட் ஆங்கிள் வகுத்த முறையே இன்றும் அடிப்படைப் பாடம்: மேலும் கீழும் உள்ள முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் பொருந்தும் விதத்தை வைத்துக் கடியை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்.

அந்தப் பல் ஏறக்குறைய 6 வயதில், எந்தப் பாற்பல்லும் விழாமலே, வாயின் பின்பக்கத்தில் முளைக்கிறது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் நான் பேசிய பெற்றோர் பலர் அதைப் பாற்பல் என்றே எண்ணுகிறார்கள். சூத்தை பிடித்தாலும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அது மறுபடி முளைக்காது. பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து கடி மாறலாம். பிறகு கம்பி போட மாதாமாதம் நகரத்துக்கு அலைவதென்றால், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போகும்.

பிள்ளையின் வாயைத் திறந்து பின்பக்கம் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால், பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் உடனே காட்டுங்கள்.