நக்ஷத்திரம் ஏன் மின்னுகிறது?

குழந்தைகள் கேட்கும் கேள்விகளில் பெற்றோரைத் திக்குமுக்காட வைப்பவை பெரும்பாலும் ஆகாயத்தைப் பற்றியவை. "நக்ஷத்திரம் ஏன் மின்னுகிறது?" என்று கேட்டால், நம்மில் அநேகர் சொல்லும் விடை ஒன்றே: "நாழியாகிவிட்டது, போய்ப் படு!" குழந்தை படுத்துவிடுகிறது, கேள்வி படுப்பதில்லை. இத்தகைய கேள்விகள் அற்பமானவை என்று எண்ணுகிறவர்கள் திருப்பத்தூர் ஜில்லாவில் நடந்த ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர் போன ஊர்கள். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சென்றால் ஜவ்வாது மலையில் காவலூர் வருகிறது. கடல் மட்டத்துக்குச் சுமார் 725 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு நடுவே, வெள்ளைக் கவிகைகள் சில தெரியும். அதுதான் வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையம்.

பாப்பு 1927-இல் சென்னையில் பிறந்தவர். 1949-இல் அமெரிக்காவில் மாணவராக இருந்தபோதே ஒரு வால் நக்ஷத்திரத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். தாய்நாடு திரும்பிய அவர் இரவு வானத்தை ஆராய ஏற்ற இடம் தேடிக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1960-களின் இறுதியில் அங்கே ஒரு சிறிய தூரதர்சினி வேலையைத் தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியில் செய்த ஒரு மீட்டர் கருவி வந்தது. அடுத்ததை நம்மவரே செய்ய வேண்டும் என்பது பாப்புவின் ஆசை. 2.34 மீட்டர் அகலமுள்ள கண்ணாடியைப் பெங்களூரில் தேய்த்து மெருகிட்டார்கள். 1986-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி அந்தத் தூரதர்சினிக்குப் பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை, 1982-இல் காலமாகிவிட்டார்.

தூரதர்சினி என்றதும் எல்லோருக்கும் சில சந்தேகங்கள் எழுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இவ்வளவு பெரிய கண்ணாடி எதற்கு?

"தூரத்திலுள்ளதைப் பக்கத்தில் காட்டுவதற்கு" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி விடைதான். மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வையுங்கள். இரண்டின் மேலும் ஒரே மழைதான் பெய்கிறது. ஆனால் அண்டாவில் அதிக நீர் சேருகிறது. நக்ஷத்திர ஒளியும் ஒருவகை மழையே. இருட்டில் நம் கண்ணின் பாவை அகலமாக விரிந்தாலும் சுமார் 7 மில்லிமீட்டர்தான். காவலூர்க் கண்ணாடியோ அதைப்போல ஒரு லக்ஷம் மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கிறது. நம் கண்ணுக்கு எட்டாத மங்கிய நக்ஷத்திரங்களும் அதில் அகப்படுவது இதனால்தான்.

ஏன் இந்த மலையைத் தேடிப் போனார்கள்?

முதற் காரணம் இருட்டு. அடுத்தது அந்த இடத்தின் அக்ஷரேகை. காவலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12½ பாகையில் இருக்கிறது. அங்கே துருவ நக்ஷத்திரம் வடக்கு அடிவானத்துக்கு மேல் அதே 12½ பாகை உயரத்தில் நிற்கும். தெற்கே திரும்பினால் தென்சிலுவையும் உரிய மாதங்களில் தெரியும். லண்டனில் இருப்பவர்கள் ஆயுள் முழுவதும் காத்திருந்தாலும் தென்சிலுவையைத் தங்கள் ஊர் வானத்தில் காண முடியாது. வடவானத்தையும் தென்வானத்தின் பெரும் பகுதியையும் ஒரே இடத்திலிருந்து ஆராய்வது நமக்கு வாய்த்த பாக்கியம்.

நக்ஷத்திரம் மின்னுவது எதனால்?

அடுப்பிலிருந்து எழும் சூடான காற்றின் ஊடே எதிர்ச் சுவரைப் பார்த்தால் சுவரே நடுங்குவது போலத் தோன்றும். நடுங்குவது சுவர் அன்று, காற்றுத்தான். ஆகாயத்திலும் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து புரளுகின்றன. நக்ஷத்திரம் வெகு தூரத்தில் இருப்பதால் வெறும் புள்ளியாகத் தெரிகிறது. அந்தப் புள்ளியின் மெல்லிய ஒளியைக் காற்று இங்குமங்கும் வளைக்கும்போது அது மின்னுகிறது. கிரகமோ நமக்கு அருகில் இருப்பதால் சிறு வட்டமாக அமைகிறது. வட்டத்தின் ஒரு புள்ளி மங்கும்போது இன்னொன்று ஒளிர்ந்து ஈடுசெய்துவிடுவதால், கிரகம் பெரும்பாலும் மின்னாமல் நிலையாக ஒளிர்கிறது.

இனி, முன்னே சொன்ன சம்பவம். 1977-ஆம் வருஷம் மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நக்ஷத்திரத்தின் குறுக்கே வரும் என்று கணக்கிட்டிருந்தார்கள். காவலூரில் ஒரு மீட்டர் தூரதர்சினியைத் திருப்பி, அந்த நக்ஷத்திர ஒளியைக் கருவியால் அளந்துகொண்டிருந்தார்கள். எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே நக்ஷத்திரம் மங்கிப் பல விநாடிகள் அப்படியே இருந்து மறுபடி ஒளிர்ந்தது! காற்றின் மின்னல் இவ்வளவு நேரம் நிற்காது. குறுக்கே ஏதோ வந்திருக்க வேண்டும். யுரேனஸின் புதிய சந்திரனோ என்ற எண்ணமே முதலில் உண்டாயிற்று.

அதே இரவு அமெரிக்க விஞ்ஞானிகள் விமானத்தில் இந்து மகா சமுத்திரத்தின் மேல் பறந்துகொண்டே அதே நக்ஷத்திரத்தை அளந்தார்கள். கிரகம் மறைப்பதற்கு முன் பல முறை ஒளி மங்கியது. கிரகம் விலகிய பின்பும் அதே வரிசையில், தலைகீழாக, மங்கியது. சந்திரனானால் இரு பக்கமும் இப்படி ஒத்து இராது. கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருந்தால்தான் இது பொருந்தும். சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று அதுவரை உலகம் நம்பியிருந்தது. யுரேனஸைக் கண்டுபிடித்து 196 வருஷங்கள் கழித்து அதன் வளையங்கள் தெரியவந்தன. "நக்ஷத்திரம் ஏன் மங்குகிறது?" என்ற கேள்வியைப் பொறுமையுடன் பின்தொடர்ந்ததன் பலன் இது.

நாம் பார்க்கும் நக்ஷத்திரம் இப்போதும் இருக்கிறதா?

நல்ல கேள்வி! சூரிய ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகிறது. இரவு வானில் எல்லாவற்றையும் விடப் பிரகாசமான சீரியஸ் நக்ஷத்திரத்தின் ஒளிக்கு எட்டரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே பஞ்சுத் துணுக்குப் போலத் தெரியும் ஆண்ட்ரமீடா மண்டலத்தின் ஒளி, சுமார் 25 லக்ஷம் வருஷங்களுக்கு முன் புறப்பட்டது. ஆகாயத்தைப் பார்ப்பது பழைய கடிதங்களைப் படிப்பதற்குச் சமம். எழுதியவர் இன்று எப்படி இருக்கிறார் என்பதைக் கடிதம் சொல்லாது.

இக்கடிதங்களைப் படிக்க இருட்டு வேண்டும். சமவெளி ஊர்கள் வளர வளர, விளக்குகளும் பெருகுகின்றன. தரையை நோக்க வேண்டிய வெளிச்சத்தில் ஒரு பகுதி மேலே சென்று, காற்றிலுள்ள தூசியில் பட்டுச் சிதறி, வானத்தையே வெளுக்கச் செய்கிறது. அந்த வெளுப்பில் முதலில் மறைவன மங்கிய நக்ஷத்திரங்களே. அவற்றைக் காண்பதற்காகத்தானே அவ்வளவு பெரிய கண்ணாடியை நம்மவர் தேய்த்தார்கள்? விளக்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விளக்கின் தலையில் ஒரு மூடி இருந்தால் தெருவுக்கும் வெளிச்சம் கூடும், வானமும் பிழைக்கும். மலைமேல் இருக்கும் தூரதர்சினிக்குச் சமவெளியில் இருப்பவர்கள் செய்யக்கூடிய உதவி இது, செலவோ சொற்பம்.